அலுமாரியில் இருக்கும் யப்பான் பீங்கானை வாசிக்கும் முறையும் பேணும் முறையும்

எங்கள் பெரியம்மா வீட்டு அலுமாரியில், மலாயாவிலிருந்து வந்த பெரிய பீங்கான் தட்டு ஒன்று பல ஆண்டுகளாகச் சுவரைப் பார்த்தபடியே நின்றது. தட்டின் நடுவில் நீண்ட வாலுடன் ஓர் ஆமை வரையப்பட்டிருந்தது. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று கேட்டு வளர்ந்தவர் பெரியம்மா. ஆனால் பெரியப்பா ஈப்போவிலிருந்து பொத்திப் பொத்திக் கொண்டுவந்த பொருளை எறிந்துவிடவும் அவருக்கு மனம் வரவில்லை. எனவே ஆமையைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டு, தட்டின் வெறும் வெள்ளை முதுகை வருவோருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். மிக நீண்ட காலம் வாழ்ந்த ஆமையின் ஓட்டில் வளர்ந்து பின்னால் இழுபடும் பாசியைத்தான் அந்த ஓவியர் வால்போல வரைந்திருக்கிறார் என்பதும், பதினாயிரம் ஆண்டு வாழ்க என்ற வாழ்த்தையே அந்தத் தட்டு அத்தனை காலமும் சுவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது என்பதும் எனக்கே மிகப் பிந்தித்தான் தெரியவந்தன.

நான் பார்த்த அளவில், யாழ்ப்பாணத்து வீடுகளில் இத்தகைய பீங்கான்கள் நாம் நினைப்பதைவிட அதிகமாகவே இருக்கின்றன. மலாயாவில் ரயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் வேலைபார்த்துத் திரும்பிய பென்சனியர்கள் கொண்டுவந்தவை ஒரு பங்கு; கொழும்புக் கடைகளில் கலியாணப் பரிசாக வாங்கப்பட்டவை இன்னொரு பங்கு; இடப்பெயர்வுக் காலத்தில் வளவுக்குள் தாட்டுவிட்டுப் போய், பின்னர் வந்து கிண்டி எடுத்தவையும் உண்டு. அவற்றை எப்படி இனங்காண்பது, அவற்றில் வரையப்பட்டிருப்பதை எப்படி வாசிப்பது, எப்படிக் கழுவி வைப்பது என்பனவற்றை இங்கே எழுதுகிறேன். விலை மதிப்பது வேறு தொழில். அதற்குள் நான் போகவில்லை.

கண்ணை மூடி விரலால் பார்த்தல்

வண்ணம் தீட்டிய யப்பான் பீங்கானைப் புரிந்துகொள்ள, அது எத்தனை முறை சூளைக்குள் போய் வருகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். பீங்கான் கல்லை இடித்து அரைத்த மாவைக் குழைத்து வனைந்த பாத்திரம், ஏறத்தாழ 900 பாகை செல்சியசில் ஒருமுறை சுடப்படுகிறது. அதன்மேல் கண்ணாடிப் பூச்சுத் தடவி, ஏறத்தாழ 1300 பாகையில் இரண்டாம் முறை சுடுகிறார்கள். நீல நிறம் இந்தப் பெருஞ்சூட்டைத் தாங்கும். அது கோபாற்று என்னும் உலோகத்திலிருந்து வருவதால், பூச்சுக்கு முன்னரே வரையப்பட்டுக் கண்ணாடிக்கு அடியில் தங்கிவிடுகிறது. சிவப்பு, பச்சை, மஞ்சள், ஊதா முதலியவற்றுக்கு அந்தச் சூடு ஆகாது. எனவே அவை சுட்டெடுத்த பாத்திரத்தின் மேல் வரையப்பட்டு, ஏறத்தாழ 800 பாகையில் மூன்றாம் முறை சூளை காண்கின்றன. பொன் இருந்தால் அதற்காக இன்னும் குறைந்த சூட்டில் மற்றுமொரு முறை. பொன்னும் வண்ணமும் கண்ணாடிக்கு வெளியே, காற்றிலும் கையிலும் படும்படி நிற்கின்றன என்ற இந்த ஒரு செய்தியிலிருந்தே கீழே சொல்லப்போகும் எல்லாக் கவனங்களும் பிறக்கின்றன.

ஆகவே கையைக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் படத்தை மெல்லத் தடவுங்கள். நீலக் கோடு விரலுக்குத் தட்டுப்படாது. பச்சையும் மஞ்சளும் நீர்த்துளி உறைந்ததுபோல மேடாகத் தெரியும்; சிவப்பு மிக மெல்லியதாக, சற்றே சொரசொரப்பாக இருக்கும். பிறகு தட்டைச் சன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தால், மேடான வண்ணங்கள் தனியாகப் பளபளப்பதைக் காணலாம். பழைய பொருள்களில் வண்ணத்தைச் சுற்றி எண்ணெய்ப் படலம்போல வானவில் நிறச் சாயலும் தெரிவதுண்டு. அதை அழுக்கென்று எண்ணித் தேய்த்துவிடக் கூடாது.

கையால் வரைந்ததா, அச்சுத்தாளிலிருந்து ஒட்டியதா என்பதை அறிய ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். நுண்ணிய புள்ளிகள் வரிசையாகச் சேர்ந்து நிறம் உண்டாகியிருந்தால் அது அச்சு. தூரிகைக் கோடு தொடங்குமிடத்தில் தடித்து, இழுபடும் இடத்தில் மெலிந்து, முடியுமிடத்தில் சில சமயம் மசி தேங்கி நிற்கும். ஒரே கிளையிலுள்ள இரண்டு இலைகளை ஒப்பிட்டுப் பார்ப்பது இன்னும் எளிய வழி: கையால் வரைந்த இலைகள் உடன்பிறப்புகள்போல இருக்கும், இரட்டையர்போல இரா. கோட்டை அச்சில் எடுத்து நிறத்தை மட்டும் கையால் நிரப்பிய பொருள்களும் ஏராளம் என்பதால், கோட்டையும் நிறத்தையும் தனித்தனியே சோதியுங்கள். நிறம் கோட்டைத் தாண்டி வழிந்திருப்பது அங்கே குறையாகாது. ஒரு கை அதைச் செய்தது என்பதற்குச் சாட்சி அது.

பாத்திரம் உண்மையில் பீங்கான்தானா என்ற ஐயம் இருந்தால், இருட்டில் உள்ளே ரோச் வெளிச்சத்தை வைத்து, வெளியே விரல் நிழல் தெரிகிறதா என்று பாருங்கள். மெல்லிய பீங்கான் ஒளியை விடும். சுட்ட மண் விடாது. உள்ளங்கையில் வைத்து நகத்தால் மெல்லச் சுண்டினால் மணி ஒலிக்க வேண்டும். ஒலி அடைத்துப்போனால் எங்கேயோ மயிரளவு வெடிப்பு இருக்கிறது என்பது பொருள். ரோச் சோதனையில் சிலருக்கு ஓர் அதிசயமும் காத்திருக்கும்: மேடான டிராகன்கள் (பறவைநாகங்கள்) சுற்றிக்கொண்டிருக்கும் ஒருவகை மெல்லிய தேநீர்க் கோப்பைகளின் அடியில், வெளிச்சம் படும்போது மட்டும் ஒரு யப்பானியப் பெண்ணின் முகம் தெரியும். வெளிநாட்டவருக்கு விற்பதற்கென்று செய்யப்பட்ட அவை உயர்ந்த கலை என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் சிறுவயதில் அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே தேநீரை அவசரமாகக் குடித்து முடித்திருக்கிறேன்.

எந்த ஊர்ச் சூளை

யப்பானில் பீங்கான் செய்வது, கியூசூத் தீவில் இன்றைய சாகா மாநிலத்திலுள்ள அரிட்டா என்ற ஊரில் தொடங்கியது. கொரியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட யி சம்பியொங் என்ற குயவர் அங்கே பீங்கான் கல்லைக் கண்டுபிடித்த ஆண்டாக 1616 மரபாகக் குறிக்கப்படுகிறது. 1640களில் சக்கைதா காக்கியெமொன் என்பவரின் பட்டறை, கண்ணாடிப் பூச்சுக்கு மேல் வண்ணம் தீட்டும் முறையைக் கைக்கொண்டது. அரிட்டாவில் செய்தவை அருகிலுள்ள இமாரித் துறைமுகத்தில் கப்பலேறியதால், உலகம் அவற்றை இமாரி என்றே அழைத்தது. விளைந்த ஊரை விட்டுவிட்டு, வாங்கிய சந்தையின் பெயரால் ஒரு பொருளை அழைப்பதுபோன்ற வழக்கம் இது.

இவ்விடத்தில் நம் ஊர் வரலாற்றைச் சற்று நினைத்துக்கொள்ளலாம். சீனாவில் மிங் அரசு வீழ்ந்த பின் நிகழ்ந்த குழப்பத்தால் சீனப் பீங்கான் கிடைப்பது அரிதாக, ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனி அரிட்டாவை நாடியது. பெருந்தொகையான பீங்கானுக்கு அது அங்கே கட்டளை கொடுத்த ஆண்டு 1659. அதற்கு ஓராண்டுக்கு முன்னர், 1658இல், யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்ததும் அதே கம்பனிதான். நாகசாக்கியில் பீங்கான் ஏற்றிய கப்பல்களும் நம் கடலில் யானையும் சாயவேரும் ஏற்றிய கப்பல்களும் ஒரே கொடியின் கீழ் ஓடின.

நிறத்தைக் கொண்டு ஊரை ஓரளவு ஊகிக்கலாம். அடியில் கருநீலம், மேலே செங்காவிச் சிவப்பு, அதன்மேல் பொன் என்று இடைவெளியின்றி நிரப்பியிருந்தால் அது இமாரிப் பாணி. பால்போன்ற வெள்ளையை நிறைய விட்டு, ஒரு பக்கத்தில் மட்டும் மெல்லிய கிளையும் காடைக்குருவியும் வரைந்திருந்தால் காக்கியெமொன் பாணி. அந்தப் பால்வெள்ளைப் பீங்கானைச் செய்யும் முறை இடையில் மறைந்துபோய், 1953இல்தான் அக்குடும்பத்தாரால் மீட்டெடுக்கப்பட்டது. பச்சை, மஞ்சள், ஊதா, கருநீலம், சிவப்பு ஆகிய ஐந்து நிறங்களும் தடித்த கண்ணாடிபோலப் படிந்து, அவற்றின் ஊடாகக் கறுப்புக் கோடு தெரிந்தால் அது குத்தானி. குத்தானி என்றால் ஒன்பது பள்ளத்தாக்கு. இன்றைய இசிக்காவா மாநிலத்து மலைக்கிராமம் அது. அங்கே 1655 அளவில் தொடங்கிய சூளை அரை நூற்றாண்டு அளவில் நின்றுபோக, நூறாண்டுக்குப் பின் 1807இல் கனசவா நகரில் அக்கலைக்கு மீண்டும் உயிர் கொடுத்தார்கள். பழைய குத்தானி என்று பெயர்பெற்றவற்றுள் பல அரிட்டாவிலேயே செய்யப்பட்டவை என்று ஆய்வாளர் வாதிடுகின்றனர்; அவ்வழக்கு இன்னும் தீரவில்லை.

குத்தானி ஓவியரின் வேலையில் எனக்கு மிகவும் வியப்பானது ஒன்று உண்டு. சிவப்பைத் தவிர மற்ற வண்ணங்கள் தூரிகையில் இருக்கும்போது ஒரு நிறமாகவும் சூளையிலிருந்து வரும்போது வேறு நிறமாகவும் இருக்கும். சாம்பல்போலத் தோன்றும் குழம்பைத் தொட்டு வரைபவர், மனத்தில் பச்சையையும் ஊதாவையும் வைத்துக்கொண்டே வரைகிறார்.

அடிப்பக்கத்து முத்திரைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆங்கிலத்தில் நிப்பொன் என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் 1891க்கும் 1921க்கும் இடைப்பட்டது. அமெரிக்கச் சுங்கச் சட்டம் உற்பத்தி நாட்டின் பெயரைக் கேட்டதால் வந்த வழக்கம் அது. யப்பான் என்ற ஆங்கிலப் பெயர் அதற்குப் பிந்தியது. ஆக்கிரமிக்கப்பட்ட யப்பானில் செய்தது என்ற வாசகம் இருந்தால், போருக்குப் பின் 1952 வரையான சில ஆண்டுகளுக்குள் அடங்கும். சதுரக் கட்டத்துக்குள் ஒரே ஓர் எழுத்து இருந்து, அதன் வலப்பக்க அடியில் நான்கு அறைச் சன்னல்போன்ற பெட்டி தெரிந்தால், அது பெரும்பாலும் ஃபுக்கு என்ற எழுத்து. நற்பேறு என்பது பொருள். அதைக் குயவரின் பெயர் என்று பலர் தவறாக எண்ணுகிறார்கள். நொரிட்டாக்கே என்ற பெயர் இருந்து இலங்கை என்றும் இருந்தால், அது நம் நாட்டில் மாத்தளையில் செய்யப்பட்டது.

படத்தை வாசித்தல்

இந்தப் படங்களை வெறும் அலங்காரமாகப் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு படமும் ஒரு வாழ்த்துச் சொல். சில அந்தப் பொருளின் இயல்பால் வாழ்த்துகின்றன. சில அதன் பெயரின் ஒலியால் வாழ்த்துகின்றன. இரண்டாவது வகை சிலேடை என்பதால், சிலேடையில் ஊறிய தமிழருக்கு அதை விளக்கத் தேவையில்லை.

பெயரொலியால் வாழ்த்துவனவற்றுள் முதலில் நிற்பது மீன். நம் கடலில் பிடிபடும் விளைமீனின் சாயலில், செந்நிறமாக வாலை வளைத்துத் துள்ளும் மீனொன்றைக் கண்டால் அதன் பெயர் தாய். நமக்கு அம்மா நினைவுக்கு வரும். யப்பானியருக்கு மங்களகரமானது என்ற பொருளுடைய மெதெத்தாய் என்ற சொல் நினைவுக்கு வரும். அதனால் கலியாணம் முதலிய நல்ல காரியங்களில் அந்த மீன் சமைக்கப்படுகிறது, தட்டுகளிலும் வரையப்படுகிறது. அடுத்தது சுரைக்காய். இடை சிறுத்த சுரைக்காய்கள் கொடியில் தொங்கினால் எண்ணிப் பாருங்கள். ஆறு இருந்தால், ஆறு சுரைக்காய் என்பதன் ஒலி நோயின்மை என்று பொருள்படும் முபியோ என்ற சொல்லுடன் ஒத்துப்போகிறது. சிறு சிவப்புப் பழங்கள் கொத்தாகத் தொங்கும் செடி நந்தென்; துன்பத்தைத் திருப்பிவிடுவது என்றும் அவ்வொலியைப் பிரிக்கலாம். வௌவால் வரையப்பட்டிருந்தாலும் அஞ்ச வேண்டாம். வௌவாலைக் குறிக்கும் சீனச் சொல்லின் ஒரு பகுதி நற்பேறு என்ற சொல்லின் ஒலியை உடையது. வௌவால் வீட்டுக்குள் வந்தால் விளக்குமாற்றுடன் எழும் நமக்கு இது ஆமைக் கதை போன்றதுதான்.

இயல்பால் வாழ்த்துவனவற்றுள் மிகப் பரவலானவை ஊசியிலைத் தேவதாரு, மூங்கில், பிளம் பூ என்னும் மூன்றும். தேவதாரு பனிக்காலத்திலும் பச்சை மாறாது. மூங்கில் வளையும், முறியாது. பிளம் பனி கரையும் முன்னரே பூக்கும். இம்மூன்றையும் சேர்த்து ஷோ சிக்கு பாய் என்பார்கள். யாழ்ப்பாணத்தில் ஒருவர் இதே கருத்தை வரையப் புகுந்தால், கடும் கோடையிலும் தலை சாயாத பனையைத்தான் முதலில் எழுதுவார் என்று நினைக்கிறேன். பிளம் பூவையும் செர்ரிப் பூவையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். இதழின் நுனி வட்டமாக இருந்தால் பிளம். நுனியில் சிறு பிளவு இருந்தால் செர்ரி. மடிப்பு மடிப்பாகக் கசங்கிய பெரிய பூவை நம்மவர்கள் ரோசாப்பூ என்பார்கள், அது பியோனி. பூக்களின் அரசன் என்று போற்றப்படும் அது செல்வத்தைக் குறிக்கும். அதன் அருகே சுருள்மயிர்ச் சிங்கம் நின்றால் அது பழைய இணை. சிங்கத்தின் உடலில் இருந்து அதை அரிக்கும் பூச்சியைக் கொல்ல வல்லது பியோனியின் பனித்துளி மட்டுமே என்றும், அதனால் சிங்கம் அப்பூவின் கீழேதான் நிம்மதியாகத் தூங்கும் என்றும் கதை சொல்வார்கள். செவ்வந்தி நீண்ட ஆயுளுக்குரியது. பதினாறு இதழ்ச் செவ்வந்தி அரச குடும்பத்தின் சின்னமும் ஆகும்.

பறவைகளில் தடுமாற்றம் அதிகம். கழுத்தும் சிறகின் ஓரமும் கறுத்து, உச்சந்தலையில் சிவப்புப் பொட்டுடன் இருப்பது நம் கடனீரேரிக் கொக்கு அன்று. ஆயிரம் ஆண்டு வாழ்வதாக நம்பப்படும் நாரை. நாரைக்கு ஆயிரம், ஆமைக்குப் பதினாயிரம் என்பது அங்குள்ள வழக்கு. இரண்டும் ஒரே தட்டில் இருந்தால் வாழ்த்து முழுமை பெறுகிறது. கொண்டையும் நெளிந்த நீண்ட இறகுகளும் உடைய பறவையை முருகனின் மயில் என்று பூசையறைக்குள் வைத்திருந்த வீட்டையும் கண்டிருக்கிறேன். அருகில் மூன்று மடலாக அகன்ற இலையும் நிமிர்ந்த பூங்கொத்தும் உடைய கிரி மரம் இருந்தால் அது பீனிக்சு; நல்லாட்சி நடக்கும் காலத்தில் மட்டும் அந்த மரத்தில் வந்து இறங்குமாம். சோடியாக நீந்தும் வண்ண வாத்துகள் இல்லறத்துக்கானவை. அருவியை எதிர்த்து ஏறும் கெண்டை மீன், ஏறி முடித்ததும் டிராகனாகும் என்ற சீனக் கதையிலிருந்து வருகிறது; பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு ஏற்ற படம்.

ஓரங்களில் திரும்பத் திரும்ப வரும் வடிவங்களையும் விட்டுவிடாதீர்கள். மீன்செதிள்போல அடுக்கிய அரைவட்டங்கள் அலைகள். அமைதி முடிவின்றித் தொடர்க என்பது கருத்து. வட்டங்கள் ஒன்றை ஒன்று வெட்டி நான்கிதழ்ப் பூ உண்டாகும் வடிவத்தை, பொங்கலுக்கு முற்றத்தில் கோலம் போடும் எவரும் உடனே அடையாளம் காண்பார். அங்கே அதன் பெயர் ஷிப்போ, ஏழு மணிகள். ஆறுமுனை நட்சத்திரங்களாகத் தெரிவது, நேராக விரைந்து வளரும் ஒரு நார்ச்செடியின் இலை. அது குழந்தையின் வளர்ச்சிக்கான வாழ்த்து என்பதால் பிள்ளைகளின் உடுப்பிலும் வரும். அறுகோணங்கள் ஆமையின் ஓடு. மடிப்பு விசிறி, பிடியில் ஒடுங்கி நுனியில் விரிவதால் வரவர விரியும் வாழ்வைக் குறிக்கும். சிறு சுத்தியல், திறப்பு, சுருளேடு, பை முதலியவை சிதறிக் கிடந்தால் அவை செல்வப் பொருள்கள். அவற்றிடையே ஒரு கராம்பும் இருக்கும், தேடிப் பாருங்கள். தென்கடல் தீவுகளிலிருந்து வந்த அரிய மருந்தும் வாசனையுமான கராம்பு, அங்கே பொன்னோடு வைத்து எண்ணப்பட்டது. நம் குசினிப் போத்தலில் இருப்பதால் நாம் அதை அவ்வளவாக மதிப்பதில்லை.

குத்தானிக் கிண்ணங்களில் ஏழு பேர் கூடிச் சிரித்துக்கொண்டிருந்தால், அவர்கள் ஏழு நற்பேற்றுத் தெய்வங்கள். அவர்களுள் மூவர் நமக்கு உறவு. வீணைபோன்ற பீவா வாசிக்கும் ஒரே பெண்தெய்வமான பென்சைதென் நம் சரசுவதி. நெல்மூட்டையின் மேல் சுத்தியலுடன் நிற்கும் தைக்கொக்குதென், மகாகாளன் என்ற பெயரில் இந்தியாவிலிருந்து சீனா வழியாகப் போனவர். கவசமும் ஈட்டியும் தாங்கிய பிசமொன்தென் நம் குபேரன். வாணி விழாவுக்கு மேசையில் எதை வைக்கலாம் என்று தேடுவோர், அலுமாரியிலிருக்கும் கிண்ணத்தைத் திருப்பிப் பார்க்கலாம்.

எண்ணிக்கையும் பயன்பாடும்

கோப்பைத் தொகுதியில் ஐந்து மட்டும் இருந்தால் ஒன்று உடைந்துவிட்டதென்று கவலைப்பட வேண்டாம். யப்பானியர் தமக்கெனச் செய்த தொகுதிகள் ஐந்து கொண்டவை. நான்கு என்ற சொல் சாவு என்ற சொல்லின் ஒலியை ஒத்திருப்பதால் அந்த எண்ணைத் தவிர்ப்பார்கள். ஏற்றுமதிக்கான தேநீர்த் தொகுதிகளே ஆறாக வந்தன. ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக ஒரே பூவுடன் இரண்டு கோப்பைகள் இருந்தால் அவை கணவன் மனைவிக்கானவை; அவற்றைப் பிரித்து இரண்டு பேருக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

பரிசளிக்க விரும்புவோருக்கு என் கருத்தைச் சொல்கிறேன். அறுபதாம் கலியாணத்துக்கு நாரையும் ஆமையும் மிகப் பொருத்தம். ஆனால் ஆமையின் பொருளை ஒரு சிறு அட்டையில் எழுதிக் கூடவே கொடுத்துவிடுங்கள், இல்லையெனில் அது பெரியம்மாவின் தட்டாகிவிடும்.

உணவு பரிமாறுவதில் ஓர் உறுதியான எச்சரிக்கை உண்டு. பழைய மேல்வண்ணங்கள் ஈயம் கலந்த கண்ணாடியால் ஆனவை. புளிப்பு அந்த ஈயத்தை மெல்லக் கரைத்து உணவில் சேர்க்கும். எனவே புளிக்குழம்பு, ரசம், தேசிக்காய் ஊறுகாய், விநாகிரி சேர்ந்த எதையும் பழைய வண்ணத் தட்டில் ஊற்றவோ வைத்திருக்கவோ கூடாது. நம் சமையலில் புளியில்லாமல் எஞ்சுவது சொற்பம் என்பதால், முன்னோர் வைத்துப்போன தட்டுகளில் பலகாரம், வெற்றிலை, பூ இவற்றுடன் நிறுத்திக்கொள்வதே நல்லது. பொன் தீட்டியவற்றை மைக்ரோவேவ் அடுப்பில் வைத்தால் தீப்பொறி பறக்கும்.

கழுவுதல்

நம் வீடுகளில் இவற்றுக்கு நேரும் சேதத்தில் பெரும்பகுதி அன்பினால் நேர்வது. வருடப்பிறப்புக்கு முன்தினம் குத்துவிளக்குடன் பீங்கானையும் கிணற்றடிக்குக் கொண்டுபோய், தும்பும் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்ப்பார்கள். பித்தளைக்கு அது நன்று. கண்ணாடிக்கு வெளியே நிற்கும் பொன்னுக்கு, இரண்டு வருடப்பிறப்பே போதும்.

மோதிரத்தையும் காப்பையும் கழற்றிவிடுங்கள். பிளாத்திக்குப் பேசின் ஒன்றின் அடியில் பழைய துவாயை விரித்து, கைபொறுக்கும் இளஞ்சூட்டு நீர் ஊற்றி, மென்மையான சவர்க்காரத்தில் சில துளிகள் கலக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பொருள் மட்டும் நீருக்குள் இருக்கட்டும். இரண்டாவது வந்தால் முட்டிக்கொள்ளும். கோப்பையைக் காதில் பிடித்துத் தூக்காமல் உடம்பில் இரு கையாலும் பிடித்து, பருத்தித் துணியால் அழுத்தாமல் துடையுங்கள். வண்ணம் உள்ள இடத்தில் வட்டமாகத் தேய்ப்பதைவிட ஒற்றி எடுப்பது மேல். ஊறவிடக் கூடாது, முன்பு ஒட்டிய வெடிப்பு இருந்தால் பசை இளகிக் கையோடு வந்துவிடும். உட்புற வெள்ளையில் தேநீர்க் கறை இருந்தால், அப்பச்சோடாவை நீரில் குழைத்து விரலால் மெல்லத் தடவி எடுக்கலாம், ஆனால் பொன்கோட்டுக்கு ஓர் அங்குலம் தள்ளியே நிற்க வேண்டும். குளோரின் சேர்ந்த வெளுப்பான்களை நினைக்கவே வேண்டாம்.

இனி யாழ்ப்பாணத்துக்கே உரிய சிக்கலொன்று. நம் நிலம் சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணீர் கேத்திலில் வெள்ளைப் படை கட்டுவதை அறியாதவர் இல்லை. அந்த நீர் பீங்கானில் தானாக உலர்ந்தால் அதே படை வண்ணத்தின் மேடுபள்ளங்களில் தங்கி, சில ஆண்டுகளில் பச்சையும் சிவப்பும் சாம்பல் பூத்ததுபோலாகிவிடும். பிறகு அதை எடுக்கத் தேசிக்காய்ப் புளியைத் தேய்த்தால் படையுடன் வண்ணத்தின் மினுக்கமும் போகும். ஆகவே கடைசி அலசலை மட்டும் மாரியில் பிடித்து வைத்த மழைநீரிலோ, கொதிக்கவைத்து ஆறிய பின் மேலாகத் தெளிந்த நீரிலோ செய்யுங்கள். உடனேயே பழைய வேட்டித் துணியால் ஒற்றி உலர்த்துங்கள். வெயிலில் காயவைப்பது வேண்டாம். ஏற்கெனவே படை கட்டியிருந்தால், அதே மழைநீரில் நனைத்த பஞ்சால் பல நாட்களாகச் சிறிது சிறிதாக எடுப்பதைத் தவிர வேறு வழியை நான் நம்புவதில்லை.

வைத்தலும் உடைதலும்

தட்டின் மேல் தட்டை அடுக்கினால், மேல் தட்டின் பூச்சற்ற அடி வளையம் கீழ்த் தட்டின் ஓவியத்தை அரம்போல அராவும். இடையில் துவைத்த பருத்திச் சேலைத் துண்டை மடித்து வையுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மாரியின் ஈரத்தில் அச்சுமை ஒட்டிக்கொள்ளும். கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்று இறக்கக் கூடாது. தட்டைச் சுவரில் மாட்டப் பயன்படும் சுருள்கம்பிக் கொக்கி விளிம்பை இறுக்கிச் சில்லாக்கிவிடும். மரத்தாலான சாய்வுத் தாங்கியே நல்லது. பொருளுடன் வந்த மரப்பெட்டியில் எழுத்து இருந்தால் அது பொருளைப் போலவே பெறுமதியானது. ஆனால் கறையான் அதை அறியாது என்பதால், பெட்டியை நிலத்தில் வைக்காமல் இரும்பு அலுமாரியில் வைக்கவும்.

உடைந்துவிட்டால், மணலளவு துண்டுகளையும் பொறுக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனியே சுற்றி வையுங்கள். பொருந்துகிறதா என்று விளிம்புகளைத் திரும்பத் திரும்பச் சேர்த்துப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் சிறிது உதிரும். யப்பானியர் உருசி என்னும் மரப்பாலால் ஒட்டி, அந்த வடுவின்மேல் பொற்பொடி தூவுவார்கள். ஈரப்பதமான சூட்டில்தான் உருசி இறுகும் என்பதால் நம் மாரிக்காலம் அதற்கு ஒத்துவரும். ஆனால் அம்மரம் மாவும் மரமுந்திரிகையும் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது, மாம்பால் பட்டால் புண்ணாகும் தோல் உடையவர்களுக்கு உருசி அதைவிடக் கொடியது. கடையில் கிடைக்கும் இருகூட்டுப் பசையும் பொன்னிறப் பொடியும் கொண்டு செய்வது காட்சிக்கு மட்டுமே போதும். அத்தட்டில் உணவு வைக்க முடியாது.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தாள் எழுதி வைப்பதை மறக்காதீர்கள். யார், எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டளவில் கொண்டுவந்தார், எந்தக் கலியாணத்துக்குக் கிடைத்தது, படத்தில் என்ன இருக்கிறது என்பவற்றைப் பென்சிலால் எழுதுங்கள்; பேனை மை மழைக்காலத்தில் ஊறிப் பரவும். தாளைப் பீங்கானில் ஒட்டாமல், இடையில் வைத்த துணி மடிப்புக்குள் செருகிவிடலாம். இப்போது முகம் காட்டி நிற்கும் பெரியம்மாவின் தட்டுக்குப் பின்னால் உள்ள தாளில், ஈப்போ என்ற ஊர்ப்பெயருக்குக் கீழே, அது பாசி, வால் அன்று என்று எழுதி வைத்திருக்கிறேன்.